கம்ப்யூட்டரின் சாவுப்பிடியை அவிழ்த்தவர்!

ஆனி மாதம் பிறந்து விட்டால் குற்றாலத்தில் சாரல் கட்டும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க நாலா பக்கத்தில் இருந்தும் ஜனங்கள் வருவார்கள். தென்காசியில் இருந்து குற்றாலம் வரை வண்டிகள் வரிசை பிடித்து நிற்கும்.

அந்தச் சமயத்தில் குறுகலான சந்துகளில் ஒரு வேடிக்கை நடப்பது உண்டு.

மேலே இருந்து ஒரு வேன் இறங்கி வரும். கீழே இருந்து ஒரு கார் ஏறி வரும். நடுவழியில் இரண்டும் முகத்துக்கு முகம் நின்று விடும். வேன் பின்வாங்கினால் கார் போகலாம். கார் பின்வாங்கினால் வேன் போகலாம். ஆனால் இரண்டின் முதுகிலும் வேறு வண்டிகள் வந்து ஒட்டி நிற்கின்றன. யாராலும் அசைய முடியாது.

எந்த வண்டியிலும் பழுது இல்லை. எந்த டிரைவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பாதை அடைத்துப் போய் விட்டது!

கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் இதே வேடிக்கை நடக்கிறது. பாங்கியில் பணம் எடுக்கப் போகிறோம். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கப் போகிறோம். திடீர் என்று கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிறது. மின்சாரம் இருக்கிறது. எந்திரம் கெடவில்லை. உள்ளே இரண்டு வேலைகள், ஒன்றுக்கு ஒன்று வழி விடாமல் நிற்கின்றன.

குற்றால மலையைப் பார்த்தபடி, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறை கிராமத்தில், ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கும் சாப்ட்வேரும் அந்தக் கம்பெனி தயாரிக்கும் சரக்குகளில் ஒன்று. இத்தொழில் நடக்கும் ஊர்களில் எல்லாம் ஒரு பெயரைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த அடைப்பு ஏன் வருகிறது, வராமல் தடுப்பது எப்படி என்று கண்டு சொன்னவரின் பெயர் அது.

அவர்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஹாலந்து நாட்டுக்காரர்.

வக்கீல் ஆக விரும்பியவர்

1930-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி, ராட்டர்டாம் என்ற துறைமுக நகரில் டைக்ஸ்ட்ரா பிறந்தார். தந்தை ரசாயன ஆசிரியர். தாய் கணிதம் கற்றவர். எந்தக் கணக்கையும் சுருக்கமாகவும் அழகாகவும் போட வேண்டும் என்ற ஆசை தாயிடம் இருந்து மகனுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது டைக்ஸ்ட்ராவின் விருப்பம் வேறாக இருந்தது. சட்டம் படிக்க வேண்டும், ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் சார்பில் பேச வேண்டும் என்று எண்ணினார்.

ஆனால் பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவர் மிக உயர்ந்த மார்க்கு வாங்கினார். இவ்வளவு மார்க்கு வாங்கிய பையன் சட்டம் படிப்பதா என்று பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் லைடன் பல்கலைக்கழகத்தில் பவுதிகம் படிக்கச் சேர்ந்தார்.

தந்தை பார்த்த விளம்பரம்

1951-ம் ஆண்டு தந்தையின் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுத் தரும் மூன்று வார வகுப்பு நடக்கப் போகிறது என்பதே செய்தி. பவுதிகம் படிக்கும் மகனுக்கு இது பயன்படும் என்று தந்தை நினைத்தார். மகனை அனுப்பி வைத்தார்.

அந்த மூன்று வாரம் டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கையையே மாற்றி விட்டது!

அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள கணித நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதித் தருவதுதான் வேலை. அந்தக் கட்டளைத் தொகுப்புக்குப் புரோகிராம் என்று பெயர். அதை எழுதுகிறவர் புரோகிராமர்.

மூன்று ஆண்டு ஓடியது. டைக்ஸ்ட்ராவின் மனதில் கலக்கம் வந்தது. பவுதிகத்துக்கு மதிப்பு உண்டு. டாக்டர் தொழிலுக்கு மதிப்பு உண்டு. புரோகிராம் எழுதுகிறேன் என்றால் யார் மதிப்பார்கள்? அதற்கு என்று ஒரு சாஸ்திரம் இருக்கிறதா?

மேலதிகாரி வான் வைன்கார்டன் என்பவரிடம் மனதைத் திறந்து சொன்னார். அந்தப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். இத்தொழிலுக்கு இன்னும் சாஸ்திரம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் கம்ப்யூட்டர் இனி உலகை விட்டுப் போகப் போவது இல்லை, அந்த சாஸ்திரத்தை உண்டாக்கும் ஆட்களில் நீயும் ஒருவனாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்.

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது டைக்ஸ்ட்ரா வேறு மனிதராக இருந்தார்.

காப்பிக் கடையில் 20 நிமிடம்

1956-ம் ஆண்டு. டைக்ஸ்ட்ரா தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் ரியாவுடன் ஆம்ஸ்டர்டாம் கடை வீதிக்குப் போனார். கால் வலித்தது. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள்.

ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போகப் பல பாதைகள் இருந்தால், அவற்றில் மிகவும் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்தக் கணக்கு அவர் மனதில் ஓடிக் கொண்டிருந்தது. காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. காப்பி குடித்தபடியே 20 நிமிடத்தில் வழியைக் கண்டுபிடித்து விட்டார்!

அந்த வழிக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. பாதை காட்டும் சாப்ட்வேர்களுக்கு அடிப்படையான கணக்குகளில் அது ஒன்று.

மறு ஆண்டு திருமணம். பதிவுப் படிவத்தில் மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று கேட்டிருந்தது. புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி அதிகாரிகள் மறுத்து விட்டார்கள். கடைசியில் பவுதிக விஞ்ஞானி என்று மாற்றி எழுதிய பிறகே திருமணம் நடந்தது.

பயமுறுத்திய அழைப்பு

அந்த நாட்களில் ஒரு கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். கணக்குப் போடும்போது அச்சு எந்திரத்தைக் கவனிக்காது. அச்சு அடிக்கும்போது கணக்குப் போடாது. விலை உயர்ந்த எந்திரம் பாதி நேரம் சும்மா இருக்கும்.

ஹாலந்து நிபுணர்கள் ஒரு யோசனை செய்தார்கள். அச்சு எந்திரம் வேலையை முடித்ததும் கம்ப்யூட்டரைக் கூப்பிடட்டும், கம்ப்யூட்டர் கணக்கைப் பாதியில் வைத்து விட்டு அதைக் கவனித்து வரட்டும் என்றார்கள். அடுப்பில் பாலை வைத்து விட்டு, தபால்காரர் கூப்பிட்டதும் வாசலுக்கு ஓடுகிறோமே, அதைப் போல.

டைக்ஸ்ட்ரா பயந்து போனார்!

ஏன்? தபால்காரர் எப்போது கூப்பிடுவார் என்று சொல்ல முடியாது. பால் பொங்குவதற்கு முன்பு கூப்பிட்டால் ஆபத்து இல்லை. பொங்கும் நேரத்தில் கூப்பிட்டால் பால் போய் விடும். ஆயிரம் தடவை சோதித்துப் பார்த்தாலும் ஒன்றும் நேராது. ஆயிரத்து ஒன்றாவது தடவை நேரும். மறுபடி சோதித்தால் அந்தத் தவறு வரவே வராது. வராத தவறை எப்படித் திருத்துவது?

சில காலம் தயங்கினார். பிறகு துணிந்து ஏற்றுக் கொண்டார். அந்தப் பிரச்சினையையே ஆராய்ந்து எழுதி, 1959-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

இத்தகைய தவற்றைச் சோதனையால் மட்டும் பிடிக்க முடியாது, முன்கூட்டியே யோசித்துத்தான் தடுக்க வேண்டும் என்பது அன்று அவர் மனதில் பதிந்தது. கடைசி வரை அவர் அதை விடவில்லை.

1960-ம் ஆண்டு ஒரு பெரிய புரோகிராமை அவரும் நண்பர் ஸோன்னவெல்டும் சேர்ந்து எழுதினார்கள். முடிக்கும் வரை சவரம் செய்வது இல்லை என்று சபதம். முடிந்ததும் நண்பர் தாடியை எடுத்து விட்டார். டைக்ஸ்ட்ரா எடுக்கவில்லை. அந்தத் தாடி அவருக்கு அடையாளமாகி விட்டது.

கைகாட்டி மரம்

1962-ம் ஆண்டு ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கேதான் பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது.

திருநெல்வேலியில் இருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் ரெயில் பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு ரெயில்கள் அதில் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? அதனால்தான் ரெயில்வேயில் கைகாட்டி மரம் வைத்தார்கள். கை இறங்கினால் போகலாம். கை நீட்டி இருந்தால் நிற்க வேண்டும். ஒற்றைப் பாதையில் டிரைவரின் கையில் ஓர் அடையாளக் குண்டும் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன் வரை உள்ள பாதையில் ரெயில் நுழையக் கூடாது.

இந்த ரெயில் யுக்தியை டைக்ஸ்ட்ரா கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தார்! இரண்டு வேலைகள் ஒரே கணக்கேட்டைத் தொட வேண்டுமா? முதலில் வந்தது கைகாட்டியை மூடி விட்டு உள்ளே போகட்டும். அடுத்தது வாசலில் காத்திருக்கட்டும். முதல் வேலை வெளியே வந்ததும் கைகாட்டியைத் திறந்து விடட்டும். இவ்வளவுதான் யுக்தி. அதற்கு அவர் வைத்த பெயரும் கைகாட்டி மரம்தான். இன்று புரோகிராமர்கள் பூட்டு என்று சொல்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

உரலும் உலக்கையும்

ஆனால் பூட்டு வந்ததும் ஒரு புதிய ஆபத்தும் கூடவே வந்தது.

ஒரு வீட்டில் உரல் ஒன்று, உலக்கை ஒன்று. இரண்டு பெண்கள் மாவு இடிக்க வருகிறார்கள். ஒருத்தி உரலைப் பிடித்துக் கொண்டாள். மற்றவள் உலக்கையைப் பிடித்துக் கொண்டாள். உலக்கை வந்தால்தான் உரலை விடுவேன் என்கிறாள் ஒருத்தி. உரல் வந்தால்தான் உலக்கையை விடுவேன் என்கிறாள் மற்றவள். பொழுது சாய்ந்தாலும் மாவு இடிபடாது!

இதற்கு டைக்ஸ்ட்ரா வைத்த பெயர் சாவுப்பிடி. ஒருவரை ஒருவர் இறுகக் கட்டிப் பிடித்துக் கொண்டு இருவருமே மடிவது என்று பொருள்.

1965-ம் ஆண்டு இதையே மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வியாகக் கொடுத்தார். டோனி ஹோர் என்ற ஆங்கில விஞ்ஞானி அதற்குக் கதை வடிவம் கொடுத்தார். வட்ட மேஜையைச் சுற்றி ஐந்து தத்துவ ஞானிகள். இருவருக்கு நடுவே ஒரு முள் கரண்டி. சாப்பிட இரண்டு கரண்டி வேண்டும். ஐவரும் ஒரே நேரத்தில் இடது பக்கக் கரண்டியை எடுத்து விட்டால் ஐவரும் பட்டினி! இந்தக் கதையை இன்றும் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள்.

சாவுப்பிடியைத் தடுப்பது எப்படி? ஒரு வழி மிகவும் எளியது. யாராக இருந்தாலும் முதலில் உரலைத்தான் பிடிக்க வேண்டும், பிறகுதான் உலக்கையைத் தொட வேண்டும் என்று சட்டம் செய்து விட்டால் போதும். உரல் கிடைக்காதவள் உலக்கையைத் தொடவே மாட்டாள். சண்டைக்கே இடம் இல்லை.

டைக்ஸ்ட்ரா இன்னொரு வழியும் சொன்னார். அது வட்டிக் கடைக்காரர் வழி.

கடைக்காரரிடம் 10 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. இரண்டு வியாபாரிகளுக்கு ஆளுக்கு 8 ஆயிரம் வேண்டும். முழுப் பணமும் கைக்கு வந்தால்தான் வியாபாரம் முடியும், கடனும் திரும்பும். அவர் ஆளுக்கு 4 ஆயிரம் கொடுத்து விட்டால் கையில் 2 ஆயிரம்தான் மிச்சம். இருவருக்கும் இன்னும் 4 ஆயிரம் வேண்டும். மூன்று பேரும் மாட்டிக் கொண்டார்கள்! புத்திசாலிக் கடைக்காரர் இரண்டாமவருக்கு 2 ஆயிரத்தோடு நிறுத்திக் கொள்வார். கையில் உள்ள 4 ஆயிரத்தை முதலாமவருக்குக் கொடுப்பார். அவர் வியாபாரத்தை முடித்து 8 ஆயிரத்தைத் திருப்பியதும் இரண்டாமவருக்கு மீதியைத் தருவார்.

கொடுப்பதற்கு முன்பே முடிவை யோசிப்பதுதான் இதன் சூட்சுமம்.

வெற்றியும் வேதனையும்

ஐந்தோவனில் அவரும் ஐந்து பேரும் சேர்ந்து, ஒரே கம்ப்யூட்டரில் பல வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும் சாப்ட்வேரை உருவாக்கினார்கள். யோசித்து எழுதியதன் பலன் சோதனையில் தெரிந்தது. 500 கட்டளைக்கு ஒன்று என்ற அளவில் சிறு பிழைகளே வந்தன. ஒவ்வொன்றையும் 10 நிமிடத்துக்குள் கண்டுபிடித்து விட்டார்கள். 1968-ம் ஆண்டு இந்த விவரம் வெளியானது. விஞ்ஞான உலகம் வியந்தது.

ஆனால் சொந்த இடத்தில் மதிப்பு கிடைக்கவில்லை. இது கணிதமே அல்ல என்று உடன் வேலை பார்த்தவர்கள் நினைத்தார்கள். குழு கலைந்தது. டைக்ஸ்ட்ரா கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். அந்த இருட்டில் இருந்து மீள அவர் எழுதத் தொடங்கினார். புரோகிராமைத் தெளிவாகக் கட்டுவது எப்படி என்று எழுதினார். அந்தக் குறிப்புகள் உலகப் புகழ் பெற்றன.

1972-ம் ஆண்டு, கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஒரு காலத்தில் அதிகாரிகள் சொன்னார்கள் அல்லவா? அந்தத் தொழிலுக்குத்தான் இந்தப் பரிசு!

ஒரு வீடு, பல குடித்தனம்

அதே 1972-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி ஒரு புதுமையை விற்பனைக்கு அறிவித்தது. ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள் போல் காட்டும் சாப்ட்வேர் அது. ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுகிறோமே, அதைப் போல. ஒவ்வொரு குடித்தனக்காரரும் இது தம் சொந்த வீடு என்றே நினைத்துக் கொள்வார். இவற்றுக்கு மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் என்று பெயர். இன்று உலகம் முழுவதும் இந்த முறை பரவி விட்டது.

இத்தனை குடித்தனங்களையும் மேய்க்க ஒரு மேற்பார்வை சாப்ட்வேர் வேண்டும். அவற்றில் லிப்வெர்ட் என்பது பெயர் பெற்ற ஒன்று. ஒருவர் ஒரு குடித்தனத்தை மூடச் சொல்லும்போது, இன்னொருவர் அதையே வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னால் குழப்பம் ஆகி விடும். எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே நடக்கும்.

பூட்டுக்காக லிப்வெர்ட் 30 விநாடி காத்திருக்கும். கிடைக்காவிட்டால், நேரம் முடிந்தது, பூட்டைப் பெற முடியவில்லை என்று எழுதி விட்டு விலகி விடும்.

இதைக் கண்டதும் அனுபவம் இல்லாதவர் இரண்டு காரியம் செய்வார். 30 விநாடியை 300 ஆக்குவார். உலக்கை வைத்திருப்பவள் விடாதபோது, காத்திருப்பவள் இன்னும் அதிக நேரம் காத்திருந்து என்ன பயன்? அல்லது எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடுவார். அடைப்பு நீங்கும். ஆனால் தடயமும் அழிந்து விடும். திருடன் ஓடிய பிறகு வீட்டைக் கழுவி விட்டால் போலீசுக்குக் கால்தடம் கிடைக்குமா?

அனுபவசாலி அவசரப்பட மாட்டார். அணைப்பதற்கு முன்பு, உள்ளே ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பட்டியல் எடுப்பார். சிறிது நேரம் கழித்து இன்னொரு பட்டியல் எடுப்பார். வேலை நகர்ந்து இருந்தால் அது தாமதம்தான். இரண்டிலும் அதே இடத்தில் நின்றால் அடைப்பாக இருக்கலாம்.

பிறகு காகிதத்தில் படம் போடுவார். யார் எந்தப் பூட்டை வைத்திருக்கிறார்? யார் யாருக்காகக் காத்திருக்கிறார்? அம்புக்குறி போட்டுக் கொண்டே போவார். அம்புகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தால் அது டைக்ஸ்ட்ரா சொன்ன சாவுப்பிடி. பூட்டு எடுக்கும் வரிசையை எல்லோருக்கும் ஒன்றாக ஆக்குவது அதற்கு மருந்து.

அம்பு சுற்றி வராமல் ஓர் இடத்தில் முடிந்தால், கடைசி ஆள் வெளியே எதற்கோ காத்திருக்கிறார் என்று அர்த்தம். தகவல் சேமிக்கும் வட்டு பதில் சொல்லாமல் இருக்கலாம். அப்போது பூட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வட்டைத்தான் பழுது பார்க்க வேண்டும். பூட்டைக் கையில் வைத்துக் கொண்டு வெளியார் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதும் இதில் கிடைக்கும் பாடம்.

பேனா பிடித்த கை

கம்ப்யூட்டர் உலகின் இந்த மேதை, தம் வீட்டில் வெகு காலம் கம்ப்யூட்டர் வைத்துக் கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா? எல்லாவற்றையும் மைப்பேனாவால் அழகான கையெழுத்தில் எழுதுவார். எண் போட்டுப் பிரதி எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அந்தக் கட்டுரைகள் 1,300-க்கு மேல்! வீட்டில் டெலிவிஷன் கிடையாது. பியானோ உண்டு.

1984-ம் ஆண்டு அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1999-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். பிறகு புற்றுநோய் கண்டது. தாய்நாட்டில் நூனன் என்ற ஊரில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பினார். 2002-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே காலமானார். அப்போது வயது 72.

அவர் சொல்லிக் கொடுத்த விஷயம் கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது, குறுகலான சந்தில் வண்டியை நுழைப்பதற்கு முன்பு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எதிரே வண்டி வருகிறதா? வந்தால் அதைப் போக விட்டு விட்டு நுழையுங்கள். உள்ளே போய் மாட்டிக் கொண்ட பிறகு எவ்வளவு நேரம் ஹாரன் அடித்தாலும் வழி பிறக்காது.